மாருதி 800: கதவு ஸ்ட்ரைக்கர் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிட்டது, எப்படிக் கழற்றுவது?

கேள்வி: மணவாளக்குறிச்சி

வணக்கம். 1998 மாருதி 800, கார்பரேட்டர் வண்டி, டிஎன் 74 பதிவு. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு கடலுக்குப் பக்கத்தில் என்பதால் துருவோடுதான் எப்போதும் மல்லுக்கட்டு. டிரைவர் பக்கக் கதவு சாத்தினாலும் ஆடுகிறது. தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரை (கதவின் பூட்டு வந்து மாட்டிக்கொள்ளும் பாகம்) கழற்றி, அடியில் உள்ள துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்துவிட்டுப் புதியது மாட்ட வேண்டும்.

மேல் ஸ்க்ரூ வந்துவிட்டது. கீழ் ஸ்க்ரூவின் ஸ்டார் குழி வாங்கும்போதே பாதி தேய்ந்திருந்தது. இப்போது எந்தத் திருப்புளி வைத்தாலும் வழுக்குகிறது. டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க விட்டும் அசையவில்லை. ஈஸி அவுட் (ஸ்க்ரூவில் துளை போட்டு, அதில் செருகிக் கழற்றும் திசையில் முறுக்கும் கருவி) போட்டால் வந்துவிடும் என்கிறார்கள். போடலாமா? அப்பாவுக்கு இந்த வண்டி என்றால் உயிர். தூணில் பெயிண்ட் போகாமல் வேலை முடிய வேண்டும்.

பதில்: மார்த்தாண்டம், கார் மெக்கானிக்

தம்பி, ஈஸி அவுட் இப்போதைக்கு வேண்டாம். அது கடினப்படுத்திய ஸ்டீல். துருப்பிடித்து இறுகிய ஸ்க்ரூவில் போட்டு முறுக்கினால் ஸ்க்ரூ வருவதற்குள் அது முறிந்துவிடும். முறிந்த துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. அதோடு ஸ்க்ரூவில் போடும் துளை அதன் தண்டையும் மெலிய வைக்கும்.

முதல் வேலையாக மேல் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டுங்கள். பல வண்டிகளில் இந்த ஸ்க்ரூ பிடிக்கும் நட்டுத் தகட்டைக் கதவு அட்ஜஸ்ட்மென்டுக்காகத் தூணுக்குள் அசையும்படிதான் விட்டிருப்பார்கள். இரண்டு ஸ்க்ரூவும் இல்லையென்றால் தகடு நழுவிக் கீழே போகலாம். அப்புறம் தூணுக்குள் கை விட்டுத் தேட வேண்டியிருக்கும். ஸ்ட்ரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடும் போட்டு வையுங்கள், புதியதை அதே இடத்தில் வைக்க உதவும்.

இனி திருப்புளி விஷயம். மாருதி 800 ஜப்பானின் சுசூகி வடிவமைப்பு. அதில் வரும் ஸ்டார் குழி ஜிஸ் எனப்படும் ஜப்பான் தரத்தில் இருக்கும். பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் குழியின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் பிட்டின் நுனி குழியின் அடியில் முட்டி நின்றுவிடும், பக்கச்சுவரை முழுசாகப் பிடிக்காது. தலை மழுங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஜிஸ் பிட் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிலிப்ஸ் பிட்டின் நுனியைக் கிரைண்டரில் ஒரு பொட்டு மட்டும் தேய்த்துவிட்டால் ஆழமாக இறங்கும். சைஸும் முக்கியம். வீட்டில் எல்லாரிடமும் இருப்பது 2-ம் நம்பர். இந்த ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 3-ம் நம்பர் வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் மேல் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள், ஆடாமல் உட்கார வேண்டும்.

அடுத்து இம்பாக்ட் டிரைவர். கரெண்டில் ஓடுவதைச் சொல்லவில்லை, சுத்தியலால் தட்டுகிற வகை. தட்டும்போது பிட் குழிக்குள் அழுந்திக்கொண்டே கொஞ்சம் திரும்பும், அதனால் வழுக்காது. குழியைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, பிட் நுனியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (சொரசொரப்பான பசை) கொஞ்சம் தடவினால் பிடிமானம் கூடும். முதல் தட்டை முறுக்கும் திசையில் கொடுங்கள். துரு ஒட்டு விட்டால் போதும், அப்புறம் கழற்றும் திசைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட மறக்க வேண்டாம்.

பதில்: தக்கலை, வெல்டிங் பட்டறை

எதற்கு இவ்வளவு? தலை மேல் ஒரு நட்டை வைத்து, உள்துளை வழியாக வெல்ட் பிடித்து, சூடு கொஞ்சம் அடங்கியதும் ஸ்பானர் போட்டுத் திருப்பினால் வந்துவிடும். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுப்போகும்.

பதில்: மார்த்தாண்டம், கார் மெக்கானிக்

அண்ணே சொல்வது நல்ல வழிதான், சேஸில் இருக்கும் போல்ட் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இது பெயிண்ட் அடித்த தூண். பக்கத்திலேயே சீட் பெல்ட், சீட் துணி, கதவு ரப்பர் எல்லாம் இருக்கிறது. வெல்டிங் பொறி ஒன்று பெல்ட்டில் விழுந்தாலும் அந்த பெல்ட்டை நம்ப முடியாது. அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்வதானால் சீட்டையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரையும் கழற்றிய பிறகுதான்.

பதில்: குளச்சல், விசைப்படகு எஞ்சின் வேலை

எங்களுக்கு உப்பில் இறுகிய போல்ட்தான் தினசரி வேலை. இந்த ஸ்க்ரூவின் தலைக்கு அடிப்பாகம் புனல் மாதிரி சரிவாக இருக்கும், ஸ்ட்ரைக்கர் தகட்டில் உள்ள குழியில் போய் உட்காரும். இரும்பு துருவாகும்போது கன அளவு பல மடங்கு கூடும். போக இடமில்லாமல் அந்தச் சரிவிலும் மறையிலும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்கிறது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் முதலில் செய்யப்பட்டது; இவ்வளவு இறுகியதற்குப் பெனட்ரேட்டிங் ஆயில் (இடுக்குக்குள் ஊடுருவும் எண்ணெய்) என்றே கேட்டு வாங்குங்கள். ஊற்றிவிட்டு, தலையில் பன்ச் வைத்து லேசாகத் தட்டிக்கொடுங்கள். அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே போகும். இப்படிக் காலையிலும் மாலையிலுமாக இரண்டு நாள் செய்யுங்கள்.

சூடு தேவைப்பட்டால் டார்ச் வேண்டாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெரிய சால்டரிங் அயனின் நுனியைத் தலையில் வைத்துச் சில நிமிடம் பிடியுங்கள். ஸ்க்ரூ விரிந்து, ஆறும்போது சுருங்கும். துருவில் விரிசல் விழும், பெயிண்டும் தப்பும். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் கலந்து ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். படகில் சரி, உங்கள் தூணில் அசிட்டோன் பட்டால் பெயிண்ட் கரைந்துவிடும்.

மணவாளக்குறிச்சி

ரொம்ப நன்றி. மேல் ஸ்க்ரூவை மாட்டிவிட்டேன். ஒருவேளை இம்பாக்டிலும் வரவில்லை என்றால்?

பதில்: மார்த்தாண்டம், கார் மெக்கானிக்

அப்போதுதான் டிரில், அதுவும் தலையை மட்டும் எடுக்க. மேல் ஸ்க்ரூவின் தண்டை அளந்து அதே பருமனுக்கு பிட் எடுங்கள், 6 மி.மீ. தண்டு என்றால் 6, 8 என்றால் 8. நடுவில் சென்டர் பன்ச் வைத்து, 3 மி.மீ. பிட்டில் ஆரம்பித்து, மெதுவான வேகத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டே பெரிதாக்குங்கள். தலை வளையமாகக் கழன்று வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஸ்ட்ரைக்கரை எடுத்தால் அதன் தகட்டின் கனத்துக்குத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இறுக்கிப் பிடிக்கத் தலை இல்லாததால் அதில் பாதி விறைப்பு போயிருக்கும். வைஸ் கிரிப்பில் (பூட்டிப் பிடிக்கும் பிளையர்) பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். அதற்கு முன், ஸ்ட்ரைக்கரை எடுத்த உடனே, மேல் ஸ்க்ரூவை வெறும் வாஷரோடு திரும்பப் போட்டுவிடுங்கள், நட்டுத் தகடு விழாது.

மணவாளக்குறிச்சி

வந்துவிட்டது! டிரில் தேவைப்படவில்லை. எண்ணெய், தட்டு, சால்டரிங் அயன், அப்புறம் 3-ம் நம்பர் பிட்டும் பேஸ்டும் போட்டு இம்பாக்ட் டிரைவர். டக்கென்று ஒரு சத்தம், அதன் பிறகு கையாலேயே சுற்றி வந்தது. பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை, அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மறையில் துரு நிறைய இருக்கிறது. அப்படியே புதிய ஸ்க்ரூ போடலாமா?

பதில்: குளச்சல், விசைப்படகு எஞ்சின் வேலை

போட வேண்டாம். அதே அளவு டேப்பை (மறை வெட்டும் கருவி) விட்டு மறையைச் சுத்தம் செய்யுங்கள். அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்று பின்னே வர வேண்டும். தூணில் துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். புதிய ஸ்க்ரூவின் மறையிலும் தலைச் சரிவிலும் காப்பர் கிரீஸ் தடவுங்கள், குழிக்குள் மட்டும் படக் கூடாது. இரண்டு ஸ்க்ரூவையும் அரைகுறையாக முறுக்கி, பென்சில் கோட்டுக்குள் ஸ்ட்ரைக்கரை வைத்து, கதவை மெதுவாகச் சாத்திப் பார்த்த பிறகு இறுக்குங்கள். ஆட்டம் அப்போதும் இருந்தால் ஸ்ட்ரைக்கரை ஒரு மயிரிழை உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். கீலில் தேய்மானமா என்று தெரிய, கதவைத் திறந்து வைத்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் பின்னையும் மாற்ற வேண்டும்.