புதுப்பிப்பு: கரியமில வாயு செலுத்தாத தொட்டியில் ஆரை விரிப்பு

செடிகளின் வளர்ச்சிக்கென்று கரியமில வாயு செலுத்தாத என் 30 லிட்டர் மீன்தொட்டியின் முன்பகுதியில் நட்ட மான்டி கார்லோ என்னும், தரையில் விரிப்புபோல் படரும் நீர்ச்செடி மஞ்சளித்து அழுகியதையும், அவ்விடத்தில் மார்சீலியா ஹிர்சூட்டாவை நட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். நம் வயல்களில் வளரும் ஆரைக்கீரையின் ஆஸ்திரேலிய உறவான இச்செடி, நீருக்கு வெளியே வளர்ந்தபோது பெற்றிருந்த நாலிதழ் இலைகளை முதல் மூன்று வாரங்களில் இழந்துவிட்டதால், இதுவும் போயிற்றென்றே கலங்கினேன். பிடுங்காமல் விட்டது நல்லதாயிற்று. மணலுக்கடியில் ஊர்ந்த தண்டின் கணுக்களிலிருந்து, பெரணி இனத்துக்கே உரிய சுருண்ட நுனியோடு, கொத்தமல்லி விதையளவான ஒற்றையிதழ் இலைகள் எழுந்தன. ஐந்து மாதங்களில் பாதியிடமே மூடியுள்ளது. விளக்கைக் கூட்டினால் பாசிதான் முந்திக்கொள்ளும் என்பதால், நாளுக்கு 7 மணி நேர ஒளியோடும், வேரருகே இரண்டு மாதத்துக்கொருமுறை புதைக்கும் உர மாத்திரைகளோடும் நிறுத்திக்கொண்டுள்ளேன்.