கத்திரி வெயிலில் சுரைப் பிஞ்சு வெம்புகிறது

கேள்வி: விருதுநகரில் வீடு. பின்பக்கப் பந்தலில் சுரை, ஓரமாக ஓர் எலுமிச்சை. சுரையில் பூவுக்குக் குறைவில்லை, பிஞ்சுதான் சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி விழுகிறது. எலுமிச்சையும் பிஞ்சிலேயே கொட்டுகிறது. உரம் போடலாமா?

பதில்: இந்த வெயிலில் உரம் வேண்டாம் தம்பி. மகரந்தம் சேராத பிஞ்சுதான் இப்படி மஞ்சளாகி விழும். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், மகரந்தம் சேர்க்கத் தேனீயை நம்ப முடியாது. இருட்டுவதற்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிச் சுரையாகப் புடைத்திருக்கும் பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள். என் மாடியில் இப்படித்தான் காய் எடுக்கிறேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்வார், கூட்டு வைத்தால் மட்டும் முதல் ஆளாக உட்காருவார்.

பதில்: பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் அது பழ ஈ. அந்தப் பிஞ்சுகளைப் பொறுக்கி அழித்துவிடுங்கள், அங்கேயே போடக் கூடாது. எலுமிச்சைக்குத் தண்டை ஒட்டித் தண்ணீர் விடாமல், கிளை நுனிக்கு நேர்கீழே வட்டப் பாத்தி கட்டிச் சருகு மூடாக்குப் போடுங்கள். காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகக் குளமாக்கினாலும் பிஞ்சு கொட்டும்.

கேட்டவர்: துளை இல்லை அக்கா. ஆனால் கொடி முழுக்க ஆண் பூதான் தெரிகிறது!

பதில்: வெயில் ஏறினால் அப்படித்தான். காம்பு நீளமாக, புடைப்பில்லாமல் இருப்பதெல்லாம் ஆண். பக்கக் கொடிகளில் தேடுங்கள், பெண் பூ அங்கேதான் கூடுதலாக வரும்.