நடிகனாக இருந்தவர் பிள்ளைகளுக்கு நாடகம் இயக்கப் போகலாமா?

கேள்வி

வணக்கம். 11 வருடமாக மேடையில் நடித்து வருகிறேன். போன விடுமுறையில் 12 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை எடுத்தேன். இப்போது அந்தக் குழுவையே பொறுப்பேற்று வருடத்துக்கு இரண்டு நாடகம் இயக்கித் தரச் சொல்கிறார்கள். ஆசை இருக்கிறது, ஆனால் ஒன்று உறுத்துகிறது. பட்டறையில் நான் ஒரு வசனத்தைச் சொல்லிக் காட்டினால் எல்லாரும் என்னைப் போலவே சொன்னார்கள். கையசைவு கூட அப்படியே. பெற்றோர் கைதட்டினார்கள், எனக்குத்தான் மனசு ஒட்டவில்லை. நடித்துக்கொண்டிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்புறம், நடிப்பை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில் 1

நானும் அப்படி வந்தவன்தான். 14 வருடம் நடித்தேன், 9 வருடமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்களுக்கு உறுத்திய இடத்தில்தான் இந்த வேலையே இருக்கிறது. நடித்துக் காட்டுவதை நிறுத்துங்கள்.

என் முதல் நாடகத்தில் 13 வயதுப் பெண் ஒருத்தி, வீட்டை விட்டுக் கிளம்பும் அக்காவாக நடித்தாள். தம்பியிடம் "நான் வந்துடுவேன்டா" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சரியாக வரவில்லை. நானே மேடையேறிச் செய்து காட்டினேன். அந்த மாதிரி வரிக்கு முன்னால் மூச்சை இழுத்து ஒரு நொடி நிறுத்துவது என் பழக்கம். மறுநாள் அவளும் அதே இடத்தில், அதே அளவு மூச்சை இழுத்து நிறுத்தினாள். சின்னப் பெண்ணின் உடம்பில் என் மூச்சு. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மூன்று வாரம் ஆகியும் அது அவளை விட்டுப் போகவில்லை.

கடைசியில் வசனத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். ஒரு தகரப் பெட்டியையும் கயிற்றையும் கொடுத்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டே பேசு, முடிச்சு இறுக்கமாக விழ வேண்டும், தம்பி மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக் கயிற்றை இழுத்தபடியே, அவன் முகத்தைப் பார்க்காமல், "நான் வந்துடுவேன்டா" என்றாள். கிட்டத்தட்ட எரிச்சலோடு சொன்னாள். தம்பியாக நடித்த பையன் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். நான் எத்தனை வருடம் நடித்திருந்தாலும் அந்த வரியை அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றியிருக்காது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி சிகாகோவில் குழந்தைகளோடு நாடக விளையாட்டுகள் ஆடி ஆடி வளர்த்தெடுத்த முறை. 1963இல் புத்தகமாகவும் வந்தது. பிள்ளையிடம் அழுகையையோ கோபத்தையோ கேட்காமல், கண்ணும் கையும் ஈடுபட ஒரு வேலை கொடுப்பார். விளையாட்டை நிறுத்தாமல் ஓரத்தில் நின்று குரல் மட்டும் கொடுப்பார். நம்மைப் போன்றவர்களுக்கு ஓரத்தில் நிற்பதுதான் கஷ்டம். முதல் வருடம் முழுக்க, அவர்கள் வசனம் பேசப் பேச என் உதடு தானாக அசையும். ஒரு பிள்ளை வந்து "நீங்க உதட்டை அசைச்சா எனக்கு மறந்துபோகுது" என்று சொன்ன பிறகுதான் கடைசி வரிசையில் போய் உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தபோதுதான், யாருடைய குரல் எட்டவில்லை, யார் யாரை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் பட்டது.

நம் மேடையில் இது பழைய பாதைதான். சங்கரதாஸ் சுவாமிகள் எமன் போன்ற வேடங்களில் பேர் வாங்கிய நடிகர். நடிப்பை விட்டு வாத்தியாரானார், 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நாடக சபை தொடங்கினார். அங்கே சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்காக ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதிக் கொடுத்தார். கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து நாடகம் செய்த மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். பழைய பாலர் சபைகளின் கண்டிப்பு மட்டும் நமக்கு வேண்டாம்.

நடிப்பை நான் ஒரேயடியாக விடவில்லை. ஆனால் பிள்ளைகளின் ஒத்திகை நடக்கும் மாதங்களில் வேறு எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு முறை ஒப்புக்கொண்டு, அவர்கள் காத்திருக்க நான் தாமதமாகப் போனேன். அன்று அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பதில் 2

நான் மேடை நிர்வாகம் பார்ப்பவள். மேலே சொன்னது சரி, அதோடு நடிகர்கள் யோசிக்க மறக்கும் சில விஷயங்களையும் சொல்கிறேன். 13, 14 வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும். நடிகர் தேர்வில் கேட்ட குரல் அரங்கேற்றத்தன்று இருக்கும் என்று நம்பாதீர்கள். பாட்டு இருந்தால் சுருதியை இறக்கிப் பாட முடிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பள்ளித் தேர்வு நேரத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள், ஆகவே ஒவ்வொரு வேடத்தையும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கச் செய்யுங்கள். ஒத்திகை அறையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளையோடு இருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே இதையெல்லாம் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

லண்டனில் 1956இல் தேசிய இளைஞர் நாடகக் குழுவைத் தொடங்கிய மைக்கேல் கிராஃப்ட்டும் நடிகராக இருந்து ஆசிரியரானவர்தான். பிரிட்டிஷ் நடிகை ஹெலன் மிர்ரன் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்.

பதில் 3

நான் அப்படி ஒரு குழுவில் நான்கு வருடம் இருந்தவன். இப்போது நாடகத்துக்குச் சம்பந்தமில்லாத வேலையில் இருக்கிறேன். எங்கள் இயக்குநர் நல்ல நடிகர், அவர் நடித்துக் காட்டினால் வாயைப் பிளந்து பார்ப்போம். ஆனால் அதன் பிறகு நாங்கள் என்ன செய்தாலும் குறைவாகவே தெரியும். ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பேசவே முடியவில்லை. அன்று எங்களையே கேட்டுக் கேட்டு ஒரு காட்சியை அமைத்தார். எனக்கு மனப்பாடமாக இன்னும் இருப்பது அந்தக் காட்சி மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஒப்புக்கொண்டுவிட்டேன். பெரியவர்கள் இரண்டு பேர் என்பதை நிபந்தனையாகவே வைத்தேன், சரி என்றார்கள். முதல் நாடகத்தில் ஒரு பையன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி இருக்கிறது. அவனை ஒரு உடைந்த நாற்காலியைக் கயிறு கட்டிச் சரிசெய்யச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் எந்தக் கயிறு கொடுத்தீர்கள்?

பதில் 1

சணல் கொடுங்கள். நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். நாற்காலி உண்மையிலேயே உடைந்ததாக இருக்கட்டும், கட்டி முடித்த பிறகு அப்பாவாக நடிப்பவர் அதில் உட்காரப் போகிறார் என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். ஒத்திகையில் முதலில் நீங்கள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.