நீல வெள்ளைக் குஞ்சம்

குழு: ஹூஸ்டன் வீட்டார்
சனிக்கிழமை

தம்பி (காலை 9:12): பெரியப்பா, கராஜைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு குஞ்சம் கிடைத்தது. பாதி நீலம், பாதி வெள்ளை. இழைகள் தொட்டாலே உதிர்கின்றன. கூடவே ஒரு டிக்கெட் துண்டு. குப்பையில் போட்டுவிடவா?

பெரியப்பா (9:13): தொடாதே. இருந்த இடத்திலேயே வை.

பெரியப்பா (9:13): டிக்கெட்டில் தேதி தெரிகிறதா?

தம்பி (9:15): நவம்பர் 20, 1978. ஆஸ்ட்ரோடோம். மற்ற எழுத்தெல்லாம் மங்கிவிட்டது.

பெரியப்பா (9:16): போதும். நான் மீனாட்சி கோவிலில் இருக்கிறேன். வெளியே வந்து எழுதுகிறேன்.

அப்பா (9:20): அண்ணா, இன்னும் அதை வைத்திருக்கிறீர்களா! ஏர்ல் கேம்ப்பெல் ஆடிய அந்தத் திங்கட்கிழமை ஆட்டம்தானே?

நான் (9:22): யார் அவர், அப்பா? பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அப்பா (9:27): ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் 34ஆம் எண். ரன்னிங் பேக், அதாவது பந்தை அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுகிறவர். 1978 முதல் 1980 வரை மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக லீக்கிலேயே அதிக தூரம் ஓடியவர் அவர்தான். 1981இல் டெக்சஸ் சட்டமன்றம் அவரை மாநிலத்தின் நாயகராக அறிவித்தது. அதற்கு முன் அந்தப் பெருமை சாம் ஹூஸ்டன், ஸ்டீஃபன் ஆஸ்டின், டேவி கிராக்கெட் ஆகிய மூவருக்குத்தான் கிடைத்திருந்தது. நான் வந்து சேர்ந்தது 1984இல். அந்த அக்டோபரிலேயே அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ஆடி நான் நேரில் பார்த்ததே இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

பெரியப்பா (9:51): வெளியே வந்துவிட்டேன். சொல்கிறேன்.

பெரியப்பா (9:58): அப்போது எனக்கு 26 வயது. அறை நண்பனிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. எனக்கு விதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மயாமி டால்ஃபின்ஸ் அணியுடன் ஆட்டம். ஆஸ்ட்ரோடோம் முழுக்க ஆளுக்கொரு குஞ்சம். அரங்கமே நீலமும் வெள்ளையுமாக அலையடித்தது. கேம்ப்பெலுக்கு 23 வயது, அது முதல் பருவம். கடைசிக் கால் பகுதியில் நம் அணி 28க்கு 23 என்று முன்னால் இருந்தது. பந்து அவர் கைக்குப் போனது. வலப்பக்கமாக வெளியே வந்து, ஓரக்கோட்டை ஒட்டியே ஓடினார். 81 கெஜம். யாராலும் பிடிக்க முடியவில்லை. நான் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அன்று அவருக்கு மொத்தம் 199 கெஜம், நான்கு டச்டவுன், அதாவது நான்கு முறை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனார். 35க்கு 30 என்று வென்றோம்.

பெரியப்பா (9:59): அன்றைக்குத்தான் இந்த ஊர் என் ஊர் ஆனது.

தம்பி (10:03): ஆஸ்டினில் எங்கள் பல்கலைக்கழக மைதானத்தின் வாசலில் இருக்கும் சிலை இவருடையதுதானே! தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

பெரியப்பா (10:05): அவரேதான். 1977இல் ஹைஸ்மன் கோப்பை, அதாவது கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான விருது வாங்கியவர். உங்கள் பல்கலைக்கழகத்தில் அதை முதலில் வாங்கியவரும் அவர்தான். நாளைக்கே ஒரு படம் எடுத்து அனுப்பு.

பெரியம்மா (10:11): அவருடைய அம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள். டைலர் ஊரில் ரோஜாத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பம். பதினொரு பிள்ளைகள். இவருக்கு 11 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அந்த அம்மா ஒற்றை ஆளாக வளர்த்தார். கூரை ஓட்டை வழியாக நட்சத்திரம் தெரியும் வீடு. பணம் வந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். நிலக்கோட்டையில் விடியுமுன் எழுந்து மல்லிகை பறித்த வீட்டில் பிறந்தவள் நான். 'டைலர் ரோஜா' என்று அவரை எல்லோரும் கூப்பிட்டபோது எனக்கு அந்த அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

பெரியம்மா (10:14): நான் வந்தது 1979இல். 1980 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் தோற்றுத் திரும்பிய அணியை வரவேற்க உங்கள் பெரியப்பா என்னையும் ஆஸ்ட்ரோடோமுக்கு அழைத்துப் போனார். தோற்றவர்களைப் பார்க்க அரங்கம் நிரம்பி வழிந்தது! பயிற்சியாளர் பம் ஃபிலிப்ஸ் பேசினார். போன வருடம் கதவைத் தட்டினோம், இந்த வருடம் இடித்தோம், அடுத்த வருடம் உதைத்தே திறப்போம் என்றார். எப்போதும் கௌபாய் தொப்பி போடுகிற மனிதர், கூரைக்குக் கீழே தொப்பி போடக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்ததால் ஆஸ்ட்ரோடோமுக்குள் மட்டும் போடவே மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான் (10:32): இணையத்தில் ஒரு காட்சி பார்த்தேன். ராம்ஸ் அணியுடன். எதிரே ஒருவர் வழி மறிக்கிறார். இவர் விலகவே இல்லை. தலையைக் குனிந்து நேராக அவர் மார்பில் முட்டிவிட்டு மேலேறிப் போகிறார். கடைசியில் சட்டை கிழிந்து தொங்குகிறது.

பெரியப்பா (10:36): முட்டு வாங்கியவர் ஐசையா ராபர்ட்சன். சாதாரண ஆள் இல்லை, பெயர் பெற்ற லைன்பேக்கர், அதாவது ஓடி வருகிறவரைத் தடுத்து வீழ்த்துகிறவர். அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம். ஆனால் இன்றுவரை எல்லோரும் பேசுவது அந்த ஓட்டத்தைத்தான்.

அக்கா (11:05): பெரியப்பா, கோபப்படாமல் கேளுங்கள். நானும் அதைப் பார்த்தேன். எனக்குப் பார்க்க முடியவில்லை. 1978இல் 302 முறை பந்தை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் 368. அதற்கடுத்து 373. ஆஸ்ட்ரோடோமின் செயற்கைப் புல்லுக்குக் கீழே மெத்தையா இருந்தது? பிசியோதெரபியில் நான் தினமும் பார்க்கும் முதுகுகள் இப்படித்தான் ஆகியிருக்கின்றன. தண்டுவடப் பாதை குறுகிப்போய், கால் நரம்பு கெட்டு, நடைச்சட்டமும் சக்கர நாற்காலியும் இல்லாமல் அவரால் நடமாட முடியவில்லை. வலி மாத்திரைக்கு அடிமையாகி 2009இல் மறுவாழ்வு சிகிச்சைக்குப் போய் மீண்டார். எட்டுப் பருவம்தான் ஆடினார். 31 வயதில் ஓய்வு. அதற்கு நாம் கைதட்டினோம்.

அப்பா (11:09): பாப்பா, பெரியப்பாவிடம் இப்படிப் பேசாதே.

பெரியப்பா (11:10): இல்லை, தம்பி. அவள் சொல்லட்டும். சரியாகத்தான் சொல்கிறாள்.

பெரியப்பா (11:24): பாப்பா, நான் பல வருடமாக யோசிப்பது இதைத்தான். ஒவ்வொரு முறை கீழே விழுந்த பிறகும் அவர் மிக மெதுவாகத்தான் எழுந்திருப்பார். முதலில் ஒரு முழங்காலை ஊன்றுவார். பிறகு ஒரு கையைத் தரையில் வைப்பார். அடுத்த முயற்சிக்குத் தலை குனிந்து மெல்ல நடந்து வருவார். நாங்கள் அதை அவருடைய பாணி என்றே நினைத்தோம். பக்கத்து இருக்கைக்காரர், "பார், பலத்தைச் சேமிக்கிறார்" என்பார். நானும் தலையாட்டுவேன். பத்து நொடி கழித்து மறுபடியும் நான்கு பேரை இழுத்துக்கொண்டு போவார். அவருக்கு அப்போதே வலித்ததா என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

பெரியப்பா (11:27): அந்த 81 கெஜத்தில் அவரை யாரும் தொடவில்லை. எனக்கு அது அத்தனை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா (11:31): பெரியப்பா...

அக்கா (11:33): நான் கைதட்டியவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர் எழுந்திருக்கும் விதத்தை நீங்கள் கவனித்து வைத்திருக்கிறீர்கள். அதை நான் எங்கேயும் பார்க்கவில்லை. இணையத்தில் இருக்கும் துண்டுகளில் விழுந்தவுடன் காட்சியை வெட்டிவிடுகிறார்கள்.

பெரியப்பா (11:34): ஆமாம். எல்லாவற்றிலும் அங்கேதான் வெட்டுகிறார்கள்.

தம்பி (11:40): அந்தத் திங்கட்கிழமை ஆட்டம் முழுதாகக் கிடைக்கிறதா என்று தேடுகிறேன்.

பெரியம்மா (11:42): கிடைத்தால் நாளை மூன்று மணிக்கு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். புளியோதரை செய்கிறேன். ஆஸ்டினுக்குக் கிளம்புகிறவன் சாப்பிட்டுவிட்டு ராத்திரி கிளம்பட்டும், சிலையை அதற்குப் பிறகு படம் எடுக்கலாம்.

தம்பி (11:44): சரி, பெரியம்மா. குஞ்சத்தை என்ன செய்வது?

பெரியப்பா (11:45): ஈரம் படாத டப்பாவில் போட்டு என் மேசைமேல் வை. டிக்கெட்டைத் தனியாக வை. உதிர்ந்த இழைகளையும் கூட்டி உள்ளே போடு.

அக்கா (11:47): பெரியப்பா, நாளை நான் உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். அவர் எழும் இடங்களை எனக்குக் காட்டுங்கள்.

பெரியப்பா (11:48): வா, பாப்பா. இரண்டரைக்கே வந்துவிடு.