தேரிக்காட்டு நாவல்: நடுப்பகுதி நகரவில்லை

தேரிமணல்:
உடன்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரியில் 1983-ல் நடக்கும் பனையேறிக் குடும்பத்தின் கதை. 40,000 சொல் தாண்டிவிட்டது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன. நடுவில் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வட்டார வழக்கிலும் குழப்பம், வெளியூர் வாசகருக்குப் பாதி புரியவில்லை. என்ன செய்யலாம் அண்ணாச்சி?

பாளைக்காரன்:
தம்பி, புதுசா எழுதுறதை நிறுத்திட்டு, எழுதுன காட்சி ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை போடுங்க. எந்த மாசம், யாருக்கு என்ன வேணும், யார் தடுக்காவ, கடைசியில என்ன மாறிச்சு. இவ்வளவுதான். எதுவும் மாறலைன்னா அந்தக் காட்சியை எடுத்துருங்க, இல்லன்னா பக்கத்துக் காட்சியோட சேருங்க.

ஆனா உங்க சிக்கல் அதைவிடப் பெருசு. தொழிலைப் பின்னணியா மட்டும் வச்சிருக்கீங்க போல. பதனீர் பங்குனி, சித்திரையில நல்லா ஊறும். ஐப்பசி அடைமழையில வருமானம் கிடையாது. மழைக்காலத்துல வியாபாரிகிட்ட வாங்குன முன்பணத்தைச் சீசன்ல கருப்பட்டியா அடைக்கணும். அந்தக் கடனை மூணாவது அத்தியாயத்துலயே வாங்க வையுங்க. பதனீர் சொட்டுற பூம்பாளையைத் தினமும் சீவலைன்னா ஊறுறது குறைஞ்சிரும். அப்போ சித்திரையில பனையேறிக்குக் காய்ச்சல் வந்தா யார் ஏறுவா, பதனீர் காய்ச்சுற குடிசையான விடிலியில அடுப்பு எரியுமா, வியாபாரிக்கு என்ன பதில்? மூணு அத்தியாயத்துக்கு இது போதும்.

இன்னொண்ணு: 1981-லேருந்து 1986 முடிய கள்ளுக்கடைக்கு அனுமதி இருந்துச்சு. கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதனீர், தடவலைன்னா புளிச்சுக் கள்ளு. கள்ளுக்கு விடணும்னு மகன், கருப்பட்டிதான்னு அப்பன். உங்க ஆண்டே கொடுத்த சண்டை இது, விட்டுராதீங்க.

கொக்கிரகுளம்:
வழக்கைப் பற்றி. கதைசொல்லிக்குப் பொதுத்தமிழ், பேச்சுக்கு மட்டும் நெல்லைத்தமிழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சிலும் ஒலிப்பதையெல்லாம் எழுத்தாக்க வேண்டாம், கண் இடறும். வினைமுடிவுதான் ஊரைக் காட்டும்: 'சொல்லுதேன்', 'வந்தாவ', 'மழை வந்துட்டு'. இவற்றைத் தாளில் குறித்து, கடைசிப் பக்கம் வரை ஒரே எழுத்தில் வையுங்கள். விளியில் கவனம் தேவை. 'ஏல' இளையவனுக்கும் கூட்டாளிக்கும். 'வாரும்வே' ஒத்த வயதுக்காரருக்கு. மகன் அப்பனிடம் 'வே' போட்டால் அது சண்டைக் காட்சியாக இருக்க வேண்டும்.

தொழிற்சொல்லுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். "விடிலிக்குள் புகை மூட்டம், அடுப்பில் பதனீர் பொங்கிக்கொண்டிருந்தது" என்றால் விடிலி எதற்கென்று யாருக்கும் விளங்கும். ஒரு பக்கத்தில் இரண்டு புதுச்சொல்லுக்கு மேல் போனால் வெளியூர்க்காரர் நின்றுவிடுவார்.

ஆண்டையும் சரிபாருங்கள். 1983-ல் உடன்குடி திருநெல்வேலி மாவட்டம். 1986 அக்டோபரில்தான் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மனு கொடுக்கப் போகிறவர் தூத்துக்குடிக்கு அல்ல, நெல்லைக்குப் பஸ் ஏறுவார். போகவர ஒரு நாள் பனையேற்றமும் கெட்டுப்போகும்.

தேரிமணல்:
கள்ளு விஷயம் உறைக்கவே இல்லை, நன்றி. வியாபாரி வில்லனாகிவிடுவாரோ?

பாளைக்காரன்:
அவருக்கும் அட்டை போடுங்க. அவரு யார்கிட்ட கடன் வாங்கியிருக்காரு, மழையில கருப்பட்டி கசிஞ்சு விலை இறங்குனா அவருக்கு எவ்வளவு நட்டம்னு எழுதுங்க. ஒரு காட்சியாவது அவரு கடையில, அவரு பார்வையில வரட்டும். அதை ஆனி மாசத்துல வையுங்க, கணக்கு முடிக்கிற நேரம்.