வீட்டு அத்தோ: நூடுல்ஸ் குழையுது, பூண்டு எண்ணெய் கசக்குது, தண்டு சூப்பில் மாவு அடியில் தங்குது. ஏன்?

பசிவேளை:
சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம், பர்மா பஜாருக்குப் பின்னால செகண்ட் லைன் பீச் ரோட்டில சாயங்காலமானா கிடைக்குமே, அந்த பர்மா நூடுல்ஸ், அத்தோவைப் பத்தித்தான் கேள்வி. வீடியோக்கள்ல முக்கால்வாசிப் பேர் நூடுல்ஸை வாணலியில போட்டு முட்டைகோஸோட வதக்கி, சோயா சாஸ் ஊத்தி "பர்மா அத்தோ"ங்கறாங்க. அது இல்லைன்னு தெரியும். கையால பிசைஞ்சு, புளித்தண்ணி ஊத்தி, பொரிச்ச வெங்காயம் தூவித் தர்றதுதான் வேணும்.

மூணு இடத்தில இடிக்குது. பிசைஞ்ச அஞ்சு நிமிஷத்தில நூடுல்ஸ் களி மாதிரி ஒட்டிக்குது. பூண்டு எண்ணெயில ஒரு கசப்பு. அதோட குடிக்கிற வாழைத்தண்டு சூப்பில மாவு அடியில தங்கி மேலே வெறும் தண்ணியா நிக்குது, தண்டும் கறுக்குது. நாலு பேருக்கு அளவோட சொன்னா உதவியா இருக்கும். அஜினோமோட்டோ இல்லாம அந்த ருசி வருமா?

வாணலி:
நூடுல்ஸ் விஷயம் மட்டும் நான் சொல்றேன், சூப் தெரிஞ்சவங்க வருவாங்க.

நாலு பேருக்குக் கோதுமை நூடுல்ஸ் 400 கிராம். கொஞ்சம் தடிப்பானதா எடுங்க; இன்ஸ்டன்ட் பாக்கெட்டில வர்ற சுருட்டை நூடுல்ஸ் இதுக்கு ஆகாது, அது ஏற்கெனவே பொரிச்சது, புளித்தண்ணி பட்டதும் ஊறிக் குழைஞ்சிடும். நாலு லிட்டர் தண்ணி தளதளன்னு கொதிக்கணும், ரெண்டு டீஸ்பூன் உப்பு. கடையில தெரியுற ஆரஞ்சு நிறம் கலர் பொடியால வர்றது. ருசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, விட்டுடலாம். மஞ்சள்தூள் போட்டா சாம்பார் வாசனை எட்டிப் பார்க்கும், வேண்டாம்.

பாக்கெட்டில போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வடிச்சிடுங்க. ஒண்ணை எடுத்துக் கிள்ளிப் பார்த்தா நடுவில ஊசிமுனை அளவு வெள்ளை தெரியணும். வடிச்சதும் குழாய்த் தண்ணியில சூடு முழுசா போற வரைக்கும் அலசுங்க. இதைப் பாதியில விட்டாலே பாதி வேலை கெட்டுது: உள்ளே இருக்கிற சூட்டில நூடுல்ஸ் வெந்துகிட்டே இருக்கும், மேலே ஒட்டின மாவுச்சத்தும் போகாது. பத்து நிமிஷம் சல்லடையில நீர் வடியட்டும். அப்புறம் ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் தடவி, அகலத் தட்டில பரப்பி ஃபேன் காத்தில அரை மணி நேரம். தொட்டா ஈரம் ஒட்டக்கூடாது.

அடுத்தது பிசையற வரிசை. நீங்க சொல்ற களி இங்கதான் உருவாகுது. ஈர நூடுல்ஸ் மேல புளியை ஊத்தி, அதுக்கு மேல கடலை மாவைக் கொட்டினா பசை காய்ச்சின மாதிரிதான் ஆகும். முதல்ல எண்ணெய், அடுத்து மாவும் உப்பும் மிளகாயும், புளி கடைசிக்கு முன்னாடி. எண்ணெய் நூடுல்ஸ் மேல ஒரு படலமா நிக்கும், அது மேல மாவு தூளா ஒட்டும். புளித்தண்ணி வந்து அந்த மாவில ஊறும், நூடுல்ஸுக்குள்ள போகாது.

ஒரு பிளேட் கணக்கு: வெந்த நூடுல்ஸ் நல்ல ரெண்டு கைப்பிடி, முட்டைகோஸ் ஒரு கைப்பிடி, பச்சை வெங்காயம் பாதி, பூண்டு எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், வறுத்த மாவு ஒரு டேபிள்ஸ்பூன் கோபுரமா, மிளகாய்ச் செதில் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், கெட்டிப் புளித்தண்ணி ரெண்டு டேபிள்ஸ்பூன். கலந்தப்புறம் பொரிச்ச வெங்காயம், பூண்டு, நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பான பர்மா பலகாரம்), கொத்தமல்லி. தட்டுக்கு வந்தப்புறம் எலுமிச்சை.

அழுத்திப் பிசையாதீங்க. விரலை விரிச்சு அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போடணும், பத்துப் பன்னெண்டு தடவை போதும். நாலு பேருக்கும் ஒரே பேசின்ல கலக்கறதுதான் பெரிய தப்பு. கடையில தட்டு தட்டா கலக்கறது ஸ்டைலுக்காக இல்லை. கலந்த அத்தோவுக்கு ஆயுசே பத்து நிமிஷம்தான்.

முட்டைகோஸ் மயிரிழையா சீவணும். முன்கூட்டியே உப்பு போட்டுடாதீங்க, நீர் விட்டு எல்லாத்தையும் சொதசொதன்னு ஆக்கிடும்.

மண்ணடி மாலை:
எண்ணெய்க் கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், பூண்டு நிறம் மாறினதைக் கண்ணால பார்த்தப்புறம் எடுக்கறது. அடுப்பை அணைச்சாலும் எண்ணெய்ச் சூட்டில பூண்டு இன்னும் ரெண்டு படி கறுக்கும். வெளிர் வைக்கோல் நிறத்திலேயே அரிச்சு எடுத்துடணும், தட்டில அதுவா பொன்னிறத்துக்கு வந்துடும்.

அளவு: கடலெண்ணெய் 250 மில்லி, பெரிய வெங்காயம் நாலு, பூண்டு ரெண்டு முழுசு. முதல்ல வெங்காயம். எல்லாம் ஒரே தடிப்பில சீவி, துணியில பரப்பி இருபது நிமிஷம் ஈரம் உலர விடுங்க. மெல்லிசும் தடிசும் கலந்திருந்தா மெல்லிசு கருகும்போது தடிசு இன்னும் வதங்கிட்டிருக்கும். மிதமான தீயில போட்டு முதல் பத்து நிமிஷம் அப்பப்ப கிளறினா போதும். நுரை அடங்க ஆரம்பிச்சதும் அடுப்பை விட்டு நகராதீங்க, அதுக்கப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்தில காரியம் முடிஞ்சிடும். எடுத்ததைக் குவிக்காம பரப்பி ஆறவிடுங்க, குவிச்சா ஆவியில நமத்துப்போகும்.

அதே எண்ணெயைக் கொஞ்சம் ஆறவிட்டு, தீயைச் சிம்ல வெச்சுப் பூண்டைப் போடுங்க. காயற எண்ணெயில போட்டா வெளியே கருகி உள்ளே பச்சையா இருக்கும். பூண்டைத் தட்டிப் போடாம சீவிப் போடுங்க. தட்டினதில வர்ற பொடித்துகள் அரிகரண்டியில சிக்காம எண்ணெயிலேயே தங்கிக் கருகும். உங்க கசப்பு அங்கிருந்தே வரலாம்.

மிளகாய்க்குக் காஞ்ச மிளகாயை வெறும் சட்டியில லேசா சூடு காட்டிக் கொரகொரப்பா அடிச்சுக்குங்க. கடை மிளகாய்த்தூள் போட்டா நிறம் வரும், வாசனை வராது.

மாவு விஷயத்தில வாணலி விட்டதைச் சொல்றேன். சிலர் பொட்டுக்கடலைப் பொடி போடுவாங்க. வேலை சுலபம், ஆனா தித்திப்பா இருக்கும், சீக்கிரம் இறுகும். கடலை மாவையே எண்ணெயில்லாம சிறுதீயில எட்டு பத்து நிமிஷம் வறுக்கறதுதான் என் கட்சி. பச்சை வாசனை போய் வேர்க்கடலை வறுக்கற மாதிரி மணம் எழும்பணும். நாலு பேருக்கு அரை கப் போதும். வறுக்காத மாவைப் போட்டா ராத்திரி வயிறு பேசும்.

அஜினோமோட்டோ போடற கடையும் உண்டு, போடாத கடையும் உண்டு. பொரிச்ச வெங்காயத்தில கஞ்சத்தனம் பண்ணாத வீட்டுக்கு அது தேவையில்லை.

வாணலி:
பொட்டுக்கடலைக்கு ஒரு வார்த்தை. அவசரத்துக்குப் பாதி அது, பாதி வறுத்த கடலை மாவுன்னு கலந்தா தித்திப்பு தெரியாது. அதுக்காக அதை ஒரேயடியா ஒதுக்கவேண்டியதில்லை.

பசிவேளை:
ரொம்ப நன்றி. பேஜோ இங்க கிடைக்காது (கோயம்புத்தூர்). பதிலுக்கு என்ன போடலாம்? புளி பச்சையாவே ஊத்தணுமா?

வாணலி:
சாதா தட்டை போதும், கடலைப்பருப்பு தெரியற மாதிரி, மெல்லிசா இருக்கிறது. பெருங்காயம், கறிவேப்பிலை தூக்கலா இருக்கிற தட்டை வேண்டாம், அந்த வாசனை எல்லாத்தையும் அமுக்கிடும். கையால பெரிசு பெரிசா நொறுக்குங்க, தூளாக்கிடாதீங்க.

புளி 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளர், இருபது நிமிஷம் ஊறவெச்சுக் கெட்டியா கரைச்சு வடிகட்டுங்க. கடைகள்ல பெரும்பாலும் பச்சையாத்தான் ஊத்துவாங்க. வீட்டில ஒரு சிட்டிகை உப்பு போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்கவெச்சு ஆறவிட்டா பச்சை வாடை போகும், ரெண்டு நாள் ஃபிரிட்ஜ்ல தாங்கும். சூடா மட்டும் ஊத்தாதீங்க.

தண்டுநார்:
சூப்புக்கு வர்றேன். அத்தோவோட பாதி ருசி இந்தக் குண்டான்லதான் இருக்கு, ஆனா எல்லாரும் கடைசியில அவசரமா செய்யறதும் இதைத்தான்.

தண்டு கால் கிலோ, நடுத்தண்டா இளசா இருக்கணும். வெளிப்பட்டையை உரிக்கும்போது சிக்கனம் பார்க்காதீங்க, நகம் அழுத்தினா சட்டுனு இறங்கற பதம் வரைக்கும் உரிக்கணும். மேல்பட்டை மிச்சமிருந்தா துவர்க்கும், எவ்வளவு வேகவெச்சாலும் சக்கையா நிக்கும். மெல்லிய வட்டமா நறுக்கி, ஒவ்வொரு வட்டத்துக்கும் வர்ற நாரை விரல்ல சுத்தி எடுத்து, உடனே நீர்மோரில போடுங்க. கறுக்கறதுக்குக் காத்தும் ஒரு காரணம், இரும்பு இன்னொண்ணு. இரும்புக் கத்தி, இரும்புச் சட்டி ரெண்டையும் தவிர்த்தா நிறம் நிக்கும்.

ரெண்டு வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு அங்குல இஞ்சி. மூணையும் அரைச்சு, ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில வதக்குங்க, எண்ணெய் பிரியற வரைக்கும். மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். தண்டைப் பிழிஞ்சு போட்டு ரெண்டு நிமிஷம் கிளறி, ஒன்றரை லிட்டர் தண்ணி.

மாவு அடியில தங்கறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கொதிக்கிற சூப்பில நேரா தூவறது: மாவு கட்டி தட்டி உள்ளே வேகாம முழுகிடும். இன்னொண்ணு, அத்தோவுக்காகச் சிவக்க வறுத்த மாவையே இதுக்கும் போடறது. மாவு எவ்வளவு சிவக்குதோ அவ்வளவுக்கு அதோட கெட்டிப்படுத்தற சக்தி குறையும். சூப்புக்கு மூணு டேபிள்ஸ்பூன் கடலை மாவை மூணு நிமிஷம் மட்டும் வறுத்து, கூட ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு சேர்த்து, ஆறின தண்ணியில கட்டியில்லாம கரைச்சு ஊத்துங்க. ஊத்தினதிலிருந்து கொதி வர்ற வரைக்கும் கரண்டி நிக்கக்கூடாது. அப்புறம் சிறுதீயில இருபத்தஞ்சு நிமிஷம். பத்து நிமிஷத்திலேயே கெட்டியான மாதிரி தெரியும், நம்பாதீங்க, பச்சை வாசனை அடங்கியிருக்காது. இறக்கும்போது ஒரு டீஸ்பூன் இடிச்ச மிளகு, உப்பு, கொத்தமல்லி. கரண்டியில ஒட்டாம ஓடற பதம்தான் சரி, அளவுக்கு மீறினா கூழாயிடும்.

இதே சூப்பில வெள்ளை அரிசி நூடுல்ஸைப் போட்டு, பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், பேஜோ, எலுமிச்சை சேர்த்தா அதுதான் கடையில மொய்ங்கா. பர்மாவில மொய்ங்கா மீன் குழம்பு, பெரும்பாலும் கெளுத்தி. எலுமிச்சைப்புல், மீன் சாஸ் எல்லாம் உண்டு, வாழைத்தண்டும் உண்டு. 1962-ல அங்க ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சு, அடுத்த ரெண்டு வருஷத்தில கடை கண்ணியெல்லாம் தேசியமயமானப்புறம் கூட்டம் கூட்டமா திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்ததுதான் இந்தக் கைப்பக்குவம். இங்க தெருவுக்கு வந்தப்போ மீன் கழண்டுது, தண்டு தங்கிடுச்சு. என்னைக் கேட்டா மீனோட செய்யறதும் ஒரு தடவை முயற்சி பண்ண வேண்டியதுதான்: அரை கிலோ கெளுத்தியை மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் போட்டு வேகவெச்சு, முள் நீக்கி உதிர்த்து, அந்தத் தண்ணியையே ஒன்றரை லிட்டர்ல சேர்த்துக்குங்க.

அரைப்பிளேட்:
முட்டையை யாருமே சொல்லலையே! அத்தோவுக்கு முன்னாடி வாயில போடறதே அதுதானே.

முட்டையைப் பத்து நிமிஷம் வேகவெச்சுப் பச்சைத் தண்ணியில போட்டு உரிங்க. நீளவாக்கில ஒரே கீறல், அடிவரைக்கும் போகாம. கீறலைப் பிளந்து உப்பும் மிளகாய்ச் செதிலும் ஒரு சிட்டிகை, புளித்தண்ணி அரை டீஸ்பூன், பூண்டு எண்ணெய் அரை டீஸ்பூன், பொடியா நறுக்கின வெங்காயம், மேலே பொரிச்ச வெங்காயத்தைத் திணிச்சு கொத்தமல்லி. மஞ்சள்கரு வறண்டு கிடக்கறதால எண்ணெய் கூடத்தான் இழுக்கும், பயப்படாதீங்க. முழுசா ஒரே வாய். ரெண்டா வெட்டினா எல்லாம் கொட்டிடும்.

பசிவேளை:
ஞாயித்துக்கிழமை பத்து பேர் வர்றாங்க. எதையெல்லாம் முதல் நாளே செஞ்சு வெக்கலாம்?

மண்ணடி மாலை:
பொரிச்ச வெங்காயமும் பூண்டும் முழுசா ஆறினப்புறம் தனித்தனி டப்பாவில, காத்துப் போகாம. எண்ணெயை வடிகட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க. பூண்டு துணுக்கு கிடக்கிற எண்ணெயை வெளியே நாள்கணக்கில வெக்கறது ஆபத்து. வறுத்த மாவு, புளி ரெண்டையும் முதல் நாளே முடிச்சிடலாம். தண்டை நறுக்கி மோரில போட்டு ஃபிரிட்ஜ்ல வெக்கலாம், சூப் அன்னைக்கே.

நூடுல்ஸ் காலையில வேகவெச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் வெளியே வெக்காதீங்க, இந்த ஊர் வெயில்ல கெட்டுடும். ஆள் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போதும். பத்து பேருக்கு ஒரு கிலோ, ரெண்டு தடவையா வேகவைங்க. ஒரே பாத்திரத்தில ஒரு கிலோவைக் கொட்டினா தண்ணிச் சூடு சரிஞ்சு, திரும்பக் கொதிக்கறதுக்குள்ள எல்லாம் ஒட்டிக்கும். கலக்க ஒரு ஆளைத் தனியா நிறுத்திடுங்க, கையுறையோட. மிளகாய்க் கை கண்ணுக்குப் போனா அன்னைய விருந்து அவருக்கு முடிஞ்சுது.