டவுன்ஸ் என்பவை மேடா, பள்ளமா?

கேள்வி:
தென் இங்கிலாந்தின் வரைபடத்தில் சவுத் டவுன்ஸ், நார்த் டவுன்ஸ் என்னும் பெயர்கள் உள்ளன. டவுன் என்றால் கீழே என்றுதானே படித்தோம்; படங்களிலோ அவை புல் மூடிய குன்றுகள். மேட்டுக்கு இப்பெயர் எப்படிப் பொருந்தும்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றாலே குன்றுதான், நண்பரே. குன்றிலிருந்து இறங்கி என்னும் பொருளுடைய 'ஆஃப் டூனே' என்ற தொடர், 'அடூனே' என்று தேய்ந்து, பிறகு முதலெழுத்தையும் இழந்து, கீழே எனப் பொருள்படும் இன்றைய டவுன் ஆயிற்று. ஆக, மேடுதான் மூத்தது.

பதில் 2:
ஊர்ப்பெயர்களில் அச்சொல் 'டன்' என ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஸ்விண்டன் பன்றிக்குன்று, ஹன்டிங்டன் வேட்டைக்காரர் குன்று. இலண்டனை இக்கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ரோமானியர் காலத்திலேயே அது லோண்டினியம். நகரத்தைக் குறிக்கும் டவுனுக்கும் மூலம் வேறு. அது வேலியடைத்த இடத்தைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது.

பதில் 3:
இன்று எல்லாக் குன்றையும் டவுன்ஸ் என்பதில்லை. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையாலான, மரம் குறைந்த மேட்டுநிலத்துக்கே அப்பெயர். அங்கே மண் மெல்லியது; மழைநீர் பாறைக்குள் இறங்கிவிடுவதால் மேலே ஓடைகள் அரிது. தலைமுறை தலைமுறையாக ஆடுகள் மேய்ந்ததால் புல்லும் கட்டையாகவே நின்றது. சவுத் டவுன்ஸ் கடலைத் தொடும் செவன் சிஸ்டர்ஸில் அந்த வெண்பாறை செங்குத்தாக வெட்டுண்டு தெரியும். அப்பகுதி 2010இல் தேசியப் பூங்காவானது.